அறுந்த தசைநாண்: எஸ் போடுவதா, எம் போடுவதா?

மெடிக்கல் கோடிங் கேள்வி – பதில்

முன்கைத் தசைநாண் (டெண்டன்) கேஸ்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் நம்மூரில் உட்கார்ந்து அமெரிக்க சார்ட்டுகளுக்குக் கோடு போடுகிறவர்கள், அதாவது டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் கோடு எண்களாக மாற்றுகிறவர்கள். அதனால் தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் ஐசிடி-10 நோய்ப் பட்டியலின் ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்கப் பதிப்பையே பேசுகிறோம். அதில் எஸ் என்று தொடங்கும் கோடு காயத்துக்கு, எம் என்று தொடங்குவது தசை, எலும்பு நோய்களுக்கு. கடைசிக் கேள்வி மட்டும் உள்ளூர் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பற்றியது.

சார்ட்டில் 'டெண்டன் ரப்ச்சர், ரைட் ஃபோர்ஆர்ம்' என்று ஒரே வரிதான் டயக்னாசிஸ். நான் எம்66.231 போட்டேன். ஆடிட்டர் அதைத் தவறு என்று குறித்து, எஸ்56-இல் பார்க்கச் சொல்லிவிட்டார். எது சரி?
– தாம்பரம் வாசகி

எம்66.231 என்றால் வலது முன்கையில் விரலையோ மணிக்கட்டையோ நீட்டும் தசைநாண், அதாவது எக்ஸ்டென்சர், தானாக அறுந்தது என்று பொருள். நீங்கள் காட்டிய வரியில் எக்ஸ்டென்சர் என்றும் இல்லை, தானாக என்றும் இல்லை. இரண்டையும் நீங்களே சேர்த்துவிட்டீர்கள்.

ஆடிட்டருக்கு இன்டெக்ஸின், அதாவது கோடு புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலின், துணை இருக்கிறது. 'ரப்ச்சர்' என்ற தலைப்பின் கீழ் 'டெண்டன்' தேடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'டிராமாட்டிக்' என்று இருக்கும். அடைப்புக்குறிக்குள் வரும் சொல் சார்ட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரி பொருந்தும் என்பது இன்டெக்ஸின் வழக்கம். அங்கிருந்து 'ஸ்ட்ரெய்ன் பார்க்க' என்று அனுப்புவார்கள். ஆக, வேறெந்த விவரமும் இல்லாத வெறும் 'ரப்ச்சர்' காயக் கணக்கில்தான் போய் விழும். எந்தத் தசைநாண் என்றும் தெரியாததால் கிடைப்பது எஸ்56.911ஏ: வலது முன்கை, இன்னதென்று சொல்லாத தசை அல்லது தசைநாண், ஸ்ட்ரெய்ன், நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும் கட்டம்.

'முழுசாக அறுந்ததைப் போய் ஸ்ட்ரெய்ன் என்பதா' என்று புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தயங்குவார்கள். பேச்சு வழக்கில் ஸ்ட்ரெய்ன் என்றால் சுளுக்குப் போலத் தோன்றும். இந்தப் புத்தகத்தில் தோல் கிழியாமல் தசைநாண் இழுபட்டதும் அறுந்ததும் அந்த ஒரே பெட்டிக்குள்தான்.

ஆனால் எந்த சார்ட்டும் அந்த ஒரு வரியோடு முடிந்திருக்காது. இப்போதைய பிரச்சினை எப்படி வந்தது என்று சொல்லும் எச்பிஐ பகுதியைப் படியுங்கள். எம்66 பிரிவின் தலைப்பிலேயே விளக்கம் இருக்கிறது: இயல்பான விசை, வலு குறைந்த திசு. சாதாரண வேலை செய்யும்போது, ஏற்கெனவே நைந்துபோன தசைநாண் அறுந்தால் அது எம். நல்ல தசைநாணின் மேல் அளவு மீறிய விசை விழுந்து அறுந்தால் அது எஸ். 'ஸ்பான்டேனியஸ்' (தானாக) என்றதும் பேஷன்ட் சும்மா உட்கார்ந்திருந்தபோது அறுந்ததாக நினைக்க வேண்டாம். கெட்டிலைத் தூக்கும்போதும் சட்டைப் பித்தானைப் போடும்போதும் அறுந்தது இதில் சேரும். மாடிப்படியில் விழும்போது கைப்பிடியை எட்டிப் பிடித்து, முழு உடல் எடையும் கையில் தொங்கி அறுந்தது சேராது.

இங்கேதான் கோடர் எல்லை தாண்டுவது வழக்கம். பேஷன்ட் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார், வயது எழுபது, ஆகவே தசைநாண் வலு குறைந்திருக்கும் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. வலு குறைந்தது என்ற அனுமானம் டாக்டருடையதாக இருக்க வேண்டும். 'அட்ரிஷனல்' (தேய்ந்து அறுந்தது), 'டீஜெனரேட்டிவ்' (சிதைவால் வந்தது), 'நான்-டிராமாட்டிக்' (காயத்தால் அல்லாதது) போன்ற ஒரு சொல் அவர் கையெழுத்தின் கீழ் இருந்தால் எம். அப்படி எதுவும் இல்லாமல் கதை மட்டும் இரண்டு பக்கமும் இழுத்தால் டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், அதாவது குவெரி போடுங்கள்.

அந்தக் குவெரியை எப்படி எழுதுவது? 'இது ஸ்பான்டேனியஸ் ரப்ச்சர்தானே, உறுதி செய்யவும்' என்று அனுப்பியதற்கு லீடிங் குவெரி என்று திருப்பிவிட்டார்கள்.
– கோவை வாசகர்

திருப்பியது சரிதான். பதிலை வாயில் ஊட்டும் குவெரி பின்னால் ஆடிட்டில் நிற்காது. சார்ட்டில் இருப்பதை முதலில் எடுத்து வையுங்கள். பிறகு வாய்ப்புகளைத் தந்து, முடிவை அவரிடம் விடுங்கள். இந்த மாதிரி:

'மார்ச் 4 வருகைக் குறிப்பு: காய்கறிப் பையைத் தூக்கும்போது வலது முன்கையில் திடீர் வலி, நடுவிரலை நீட்ட இயலவில்லை. டயக்னாசிஸ்: எக்ஸ்டென்சர் டெண்டன் ரப்ச்சர். மருந்துப் பட்டியல்: பிரெட்னிசோன் தினமும் 10 மில்லிகிராம். தங்கள் மருத்துவக் கணிப்பின்படி இந்த ரப்ச்சரின் தன்மையைக் குறிப்பிடவும்: 1. விசையால் ஏற்பட்ட காயம். 2. திசு வலுக் குறைவால் இயல்பான விசையில் ஏற்பட்டது. காரணம் தெரிந்தால் எழுதவும். 3. வேறு, விவரிக்கவும். 4. தீர்மானிக்க இயலவில்லை.'

மூன்றாவதும் நான்காவதும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தக் கோடுக்கு எவ்வளவு பணம் வரும், எது டினை ஆகும் (மறுக்கப்படும்) என்ற பேச்சு குவெரியில் தலைகாட்டவே கூடாது. எந்தத் தசைநாண், எந்த மட்டம், எந்தப் பக்கம் என்பவையும் விட்டுப்போயிருந்தால் ஒரே குவெரியில் கேட்டுவிடுங்கள். ஒரே சார்ட்டுக்கு மூன்று முறை கதவைத் தட்டினால் நான்காம் முறை பதில் வராது.

கீழே உள்ள சார்ட்டுக்கு எங்கள் டீமில் மூன்று பேர் மூன்று கோடு சொன்னோம்: எஸ்56.311ஏ, எஸ்66.211ஏ, எம்66.241. விளக்க முடியுமா? 'பெண், 58. ஏழு வாரம் முன் வழுக்கி விழுந்து வலது ரேடியஸ் கீழ்முனையில் முறிவு, இடம் நகரவில்லை, மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து ஒரு வாரம். நேற்று ஜாடி மூடியைத் திறக்கையில் மணிக்கட்டின் பின்புறம் பட்டென்று ஓர் உணர்வு. இப்போது உள்ளங்கையை மேஜையில் பதித்து வைத்தால் கட்டைவிரல் மட்டும் மேலே எழவில்லை. இம்ப்ரெஷன்: ஈபிஎல் ரப்ச்சர் அட் லிஸ்டர்ஸ் ட்யூபர்க்கிள், அட்ரிஷனல், செகண்டரி டு டிஸ்டல் ரேடியஸ் ஃபிராக்ச்சர்.'
– திருச்சி வாசகர்கள்

மூன்றும் இல்லை. எங்கள் பதில் எம்66.231, அதன் பின்னால் முறிவுக்கான கோடு.

சார்ட் அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. இப்படி எல்லா டாக்டர்களும் எழுதினால் இந்தப் பகுதிக்கே வேலை இருக்காது. ஈபிஎல் என்பது கட்டைவிரலை நீட்டித் தூக்கும் நீளமான தசைநாண். முன்கையில் தொடங்கி, மணிக்கட்டின் பின்புறத்தில் மூன்றாவது அறைக்குள் நுழைந்து, ரேடியஸ் எலும்பின் முதுகில் உள்ள லிஸ்டர் முடிச்சைச் சுற்றிக் கப்பிக் கயிறு போலத் திரும்பிக் கட்டைவிரலுக்குப் போகிறது. அந்தத் திருப்பத்தில் இடமும் குறுகல், இரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு இடம் நகராமல் முறிந்தால் மேலே மூடியிருக்கும் ரெட்டினாக்குலம் என்ற பட்டை கிழியாமல் இறுக்கமாக நிற்கும். உள்ளே கசிந்த இரத்தமும் வீக்கமும் வெளியேற வழியில்லாமல் தசைநாணை அழுத்தும். வாரக்கணக்கில் நைந்து, ஒருநாள் ஜாடி மூடிக்குக்கூடத் தாங்காமல் போகும். பெரிதாக நகர்ந்த முறிவைவிட நகராத முறிவில் இது அதிகம் வருவது இதனால்தான். மணிக்கட்டை ஓயாமல் ஆட்டித் தேய்த்தாலும் இதே கதிதான்: பிரஷ்யப் படையின் முரசு அடிப்பவர்களிடம் கண்டதால் இதற்கு 'முரசுக்காரர் வாதம்' என்றே பழைய பெயர் உண்டு. பெயரில்தான் வாதம், நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜாடி மூடி இயல்பான விசை. அட்ரிஷனல் என்று டாக்டரே எழுதியிருக்கிறார். ஆகவே காயக் கோடுகளான எஸ்56 (முன்கை), எஸ்66 (மணிக்கட்டும் கையும்) இரண்டும் கழிந்தன. அடுத்து முன்கையா, கையா? எம்66-இல் மணிக்கட்டுக்கு என்று தனி இடம் கிடையாது, முன்கைக்கு எம்66.23, கைக்கு எம்66.24. உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பில் இந்த அத்தியாயத்துக்கு இடப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முன்கை என்பது அதன் இரண்டு எலும்புகளான ரேடியஸ், அல்னா, கூடவே மணிக்கட்டு மூட்டு. கை என்பது கார்ப்பஸ் என்ற சின்ன எலும்புகள் முதல் விரல்கள் வரை. லிஸ்டர் முடிச்சு ரேடியஸில் இருக்கிறது. அதனால் எம்66.231. தூக்க முடியாமல் போனது கட்டைவிரல் என்பதால் 'கை' என்று தாவியதுதான் எம்66.241 சொன்னவரின் பிழை. விரல் செயலிழந்த இடம் வேறு, தசைநாண் அறுந்த இடம் வேறு.

முறிவு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது, அதற்கான கவனிப்பும் தொடர்கிறது என்றால் எஸ்52.501டி. ஆறி முடிந்தது, இது அதன் பின்விளைவு என்றால் எஸ்52.501எஸ். பின்விளைவில் இப்போதுள்ள பிரச்சினை முன்னால், பழைய காயம் பின்னால். இரண்டாவது கோடு போட வழிவிட்டது 'செகண்டரி டு' (இதன் விளைவாக) என்ற சொற்கள்தான்.

இதே பெண்ணுக்குக் கட்டுக்குப் பதிலாக உள்ளே உலோகப் பிளேட் வைத்திருந்தால் கதை மாறும். நீளம் கூடிய ஸ்க்ரூ முனை பின்பக்கம் துருத்தி ஈபிஎல்லைத் தேய்க்கும். பிளேட்டின் விளிம்பு ரேடியஸ் கீழ்முனையில் உள்ள வாட்டர்ஷெட் என்ற எல்லையைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கட்டைவிரலை மடக்கும் எஃப்பிஎல்லை அறுக்கும். இரண்டாவது நடந்தால் ஃப்ளெக்ஸர் (மடக்கும் தசைநாண்) வரிசை, எம்66.331. கூடவே டீ84 பிரிவில் உள்பொருத்திய கருவியின் கோளாறு வரும். ஆனால் பிளேட் இருந்தது, தசைநாண் அறுந்தது என்ற இரண்டு தகவலும் அடுத்தடுத்து இருப்பது போதாது. பிளேட்டால் அறுந்தது என்று டாக்டர் இணைத்து எழுதியிருக்க வேண்டும்.

எஸ்56, எஸ்66 எல்லையை எங்கே வைப்பது? விரலுக்குப் போகும் தசைகள் எல்லாம் முன்கையில்தானே தொடங்குகின்றன?
– சேலம் வாசகி

தசை தொடங்கும் இடமும் பார்க்க வேண்டாம், போய்ச் சேரும் இடமும் பார்க்க வேண்டாம். காயம் பட்ட மட்டம்தான் கணக்கு. முன்கை நடுவே கண்ணாடி கிழித்து ஆள்காட்டி விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால் எஸ்56. அதே தசைநாண் உள்ளங்கையில் அறுந்தால் எஸ்66.

ஆபரேஷன் குறிப்பில் தசைநாண் எந்தப் பகுதியில் அறுந்தது என்று காட்டும் ஸோன் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எக்ஸ்டென்சரில் ஸோன் 8, 9 முன்கை. ஸோன் 7 மணிக்கட்டு, எஸ்66. ஃப்ளெக்ஸரில் ஸோன் 4 மணிக்கட்டில் உள்ள கார்ப்பல் டனல், எஸ்66. ஸோன் 5 அதற்கு மேலே, முன்கை. ஸோன் 5-இல் மட்டும் ஒரு சிக்கல். மணிக்கட்டு ரேகையை ஒட்டிய வெட்டும் அந்த ஸோனுக்குள் வந்துவிடும். அங்கே டாக்டர் 'ரிஸ்ட் லெவல்' என்று எழுதியிருந்தால் அவர் சொல்லே செல்லும்.

இனி ஒரு பொறி. எஸ்56.1, எஸ்56.4 இரண்டிலும் ஆறாவது எண் 1-இல் தொடங்குகிறது: 1 வலது ஆள்காட்டி, 2 இடது ஆள்காட்டி, 3 வலது நடு, 4 இடது நடு, 5 வலது மோதிரம், 6 இடது மோதிரம், 7 வலது சுண்டு, 8 இடது சுண்டு. எஸ்66.1, எஸ்66.3 இரண்டிலும் அது 0-இல் தொடங்குகிறது: 0 வலது ஆள்காட்டி, 1 இடது ஆள்காட்டி, 2 வலது நடு, இப்படியே. எஸ்56.121ஏ வலக் கை ஆள்காட்டி விரல். எஸ்66.121ஏ இடக் கை ஆள்காட்டி விரல். மட்டத்தைத் திருத்தும்போது 5-ஐ 6 ஆக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் கை மாறிவிடும். வலக் கையில் ஆபரேஷன், இடக் கையில் டயக்னாசிஸ் என்று காப்பீட்டுக் கிளெய்ம் போய்த் திரும்பும்.

முழு உதாரணம் ஒன்று. வலது முன்கையின் கீழ்ப்பகுதியில் கண்ணாடி வெட்டு, உள்ளே துண்டு ஏதும் இல்லை. ஆள்காட்டி விரலை மடக்கும் எஃப்டிஎஸ், எஃப்டிபி என்ற இரண்டு தசைநாண்களும், நடுவிரலின் எஃப்டிஎஸ், கட்டைவிரலின் எஃப்பிஎல், மணிக்கட்டை மடக்கும் எஃப்சிஆர், மீடியன் நரம்பு ஆகியவை அறுந்திருக்கின்றன. எல்லாவற்றையும் அன்றே தைத்துவிட்டார்கள்.

ஆள்காட்டிக்கு எஸ்56.121ஏ. எஃப்டிஎஸ்ஸும் எஃப்டிபியும் ஒரே கோடில் அடங்கும் என்பதால் ஒருமுறைதான். நடுவிரலுக்கு எஸ்56.123ஏ, கட்டைவிரலுக்கு எஸ்56.021ஏ, எஃப்சிஆருக்கு எஸ்56.221ஏ. நரம்புக்கு எஸ்54.11எக்ஸ்ஏ. தோல் காயத்துக்கு எஸ்51.811ஏ, கண்ணாடித் துண்டு உள்ளே இருந்திருந்தால் எஸ்51.821ஏ. வெளிக்காரணம் டபிள்யூ25.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ. எதை முதலில் வைப்பது என்பதில், முதன்மைக் காயம் எது என்று கேளுங்கள். தசைநாண் காயம் முதன்மை, நரம்பு சற்றே பாதித்தது என்றால் தசைநாண் முன்னால். நரம்பு அறுந்ததுதான் முதன்மைக் காயம் என்றால் நரம்பு முன்னால்.

செய்த சிகிச்சைக்கான கோடுகளான சிபிடி பக்கம் வந்தால் எண்ணிக்கை மாறும். 25260 ஒவ்வொரு தசைநாணுக்கும் தனி. டயக்னாசிஸில் நான்கு கோடாக நின்றவை இங்கே ஐந்து யூனிட். மீடியன் நரம்பைத் தைத்ததற்கு 64857. 'மல்டிபிள் ஃப்ளெக்ஸர் டெண்டன்ஸ் ரிப்பேர்ட்' என்று ஒரு வரியில் டாக்டர் முடித்துவிட்டால் ஐந்து யூனிட்டுக்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு தசைநாணின் பெயரும், எப்படித் தைத்தார் என்பதும் குறிப்பின் உடலில் இருக்க வேண்டும். தலைப்பில் இருந்தால் போதாது.

பாதி அறுந்ததற்கும் முழுதாக அறுந்ததற்கும் கோடு வேறா?
– வேலூர் வாசகர்

இல்லை. தோள்பட்டை ரொட்டேட்டர் கஃப்பில் எம்75.11, எம்75.12 என்று பிரித்திருப்பதைப் பார்த்துப் பழகியதால் இங்கும் தேடுகிறீர்கள். எஸ்56-இலோ எம்66-இலோ அந்தப் பிரிவு கிடையாது. ஆனாலும் டாக்டர் அதை எழுதத்தான் வேண்டும். ஆபரேஷன் தேவையா என்று பேயர், அதாவது பணம் தரும் காப்பீட்டு நிறுவனம், கேட்கும்போது பதில் சொல்ல அதுதான் இருக்கும். அதேபோல 'டாமினன்ட் ஹேண்ட்' என்று மட்டும் இருந்தால் இந்தக் கோடுகளுக்கு ஒரு பயனும் இல்லை. வலதா இடதா என்று வேண்டும். டாக்டர் எழுதாவிட்டால் நர்ஸ் குறிப்பிலோ தெரபிஸ்ட் குறிப்பிலோ இருக்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் முரண்பட்டால் டாக்டரிடமே கேட்க வேண்டும்.

காயம்பட்டு மூன்று வாரம் கழித்து வேறு சர்ஜனிடம் வந்து ஆபரேஷன். ஏழாவது எழுத்து டி என்று போட்டேன். பிழை என்கிறார்கள்.
– சென்னை வாசகி

பிழைதான். 'இனிஷியல்' என்ற சொல்லை முதல் வருகை என்று படிப்பதால் வரும் குழப்பம் இது. ஏ என்பது நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும் காலம் முழுவதற்கும். எமர்ஜென்சியில் பார்த்தது ஏ, புது சர்ஜன் பரிசோதித்தது ஏ, மூன்று வாரம் கழித்துத் தைத்ததும் ஏ. தைத்தபின் தையல் பிரிக்க, ஸ்ப்ளின்ட் மாற்ற, தெரபிக்கு வருவது டி. ஆறியபின் ஒட்டிக்கொண்ட தசைநாணுக்கோ விறைத்த மூட்டுக்கோ வந்தால், அந்தப் பிரச்சினை முன்னால், ஏழாவது எழுத்தாக எஸ் போட்ட காயக் கோடு பின்னால்.

காயக் கோடு இருக்கும்போது ஆஃப்டர்கேர் (பின்கவனிப்பு) இசட் கோடு போடக் கூடாது. டி என்ற எழுத்தே அந்த வேலையைச் செய்கிறது. எம்66-க்கு ஏழாவது எழுத்தே கிடையாது. அதனால் எம்66 கேஸில் ஆபரேஷனுக்குப் பின் வரும் வருகைக்கு இசட்47.89 வரலாம். எம்66.231ஏ என்று அனுப்பினால் கிளெய்ம் வாசலிலேயே திரும்பும்.

பைசெப்ஸ் தசைநாண் முழங்கைக்குக் கீழே ரேடியஸில்தானே ஒட்டுகிறது? அது அறுந்தால் எஸ்56.2?
– மதுரை வாசகர்

இல்லை. அது எஸ்46.21 வரிசை, வலது என்றால் எஸ்46.211ஏ. பைசெப்ஸின் நீண்ட தலைக்கு எஸ்46.11 தனியாக இருப்பதால், கீழ்முனை 'பைசெப்ஸின் பிற பகுதிகள்' என்பதில் அடங்கும். திரும்ப ஒட்டவைத்தால் 24342. டிரைசெப்ஸ் கீழ்முனைக்கும் இதே சிபிடி, டயக்னாசிஸ் மட்டும் எஸ்46.31.

ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் பேஷன்ட்டுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீட்ட முடியவில்லை. இன்னொருவருக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் சாப்பிட்டபின் தசைநாண் அறுந்தது. இரண்டுக்கும் எம்66 மட்டும் போதுமா?
– புதுச்சேரி வாசகி

போதாது. முதல் கேஸில் அல்னாவின் கீழ்முனை அரித்துக் கூராகி, மேலே ஓடும் எக்ஸ்டென்சர்களைச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு வரும். வான்-ஜாக்சன் சின்ட்ரோம் என்று சார்ட்டில் வந்தால் இதுதான். அல்னா மட்டத்தில் என்பதால் எம்66.23 வரிசை, கூடவே எம்05 அல்லது எம்06-இல் ஆர்த்ரைடிஸ். மானர்ஃபெல்ட் என்று வந்தால் எஃப்பிஎல் ஸ்கேஃபாய்டு எலும்பில் உரசி அறுந்தது. ஸ்கேஃபாய்டு கார்ப்பஸ் எலும்பு, எனவே கை, எம்66.34. ஆனால் ஒன்று: நீட்ட முடியவில்லை என்பதாலேயே அறுந்துவிட்டது என்று ஆகாது. நக்கிள் மூட்டு இடம் பெயர்ந்தாலும், தசைநாண் பக்கவாட்டில் வழுக்கினாலும், நரம்பு செயலிழந்தாலும் இதே தோற்றம் வரும். டாக்டர் 'ரப்ச்சர்' என்று எழுதினால் மட்டும் எம்66.

இரண்டாவது கேஸில் மருந்தின் பங்கை டாக்டர் இணைத்திருந்தால் எம்66 முன்னால், டீ36.8எக்ஸ்5ஏ பின்னால். சரியாகக் கொடுத்து, சரியாகச் சாப்பிட்டு வந்த பக்கவிளைவுக்கு இந்த வரிசை. தவறான டோஸ் என்றால் விஷப் பாதிப்புக் கணக்கு. அங்கே டீ கோடு முன்னால் வரும். இந்த வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் பற்றி 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டமிட்ட எச்சரிக்கை போட வைத்தது. பெரும்பாலும் குதிகால் அக்கிலிஸ்தான் பாதிக்கும் என்பதால், முன்கை என்று வந்தால் சார்ட்டை இரண்டாம் முறை படிப்பது நல்லது. ஸ்டீராய்டு காரணம் என்றால் டீ38.0எக்ஸ்5ஏ, மருந்து தொடர்ந்தால் இசட்79.52-வும் சேரும்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'லைக்லி டியர், காமன் எக்ஸ்டென்சர் ஆரிஜின்' (நீட்டும் தசைகள் முழங்கையில் தொடங்கும் இடத்தில் கிழிசல் இருக்கலாம்). கிளினிக் டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்கிறார். எதைப் போட?
– ஓசூர் வாசகர்

'லைக்லி', 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்' எதையும் அவுட்பேஷன்ட்டில் கோடு ஆக்கக் கூடாது. கிளினிக் வருகைக்கு டாக்டர் சொன்னபடி எம்77.11 அல்லது எம்77.12. அவரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை என்றால் வலிதான் கோடு: வலது முன்கைக்கு எம்79.631. பிறகு அவரே 'விளையாடும்போது ஏற்பட்ட அக்யூட் டியர்' என்று உறுதி செய்தால் எஸ்56.511ஏ. இன்பேஷன்ட்டில் டிஸ்சார்ஜ் நேரத்திலும் 'ப்ராபபிள்' என்றே இருந்தால் இருப்பதாகக் கொண்டு போடலாம். இரண்டு விதியையும் மாற்றிப் போடுவதுதான் எப்போதும் நடப்பது.

எங்கள் ஆஸ்பத்திரி எம்ஆர்டியில் (மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில்) உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 புத்தகம்தான். நெட்டில் தேடினால் அமெரிக்கக் கோடுதான் வருகிறது. அப்படியே எழுதலாமா?
– நெல்லை வாசகி

வேண்டாம். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள், ஆனால் நுனி வேறு. உங்கள் புத்தகத்தில் எஸ்56.1 என்றால் முன்கை மட்டத்தில் விரல்களை மடக்கும் தசைநாண் காயம். அவ்வளவுதான். எந்த விரல், எந்தக் கை, வெட்டா இழுப்பா என்ற எண்களும் ஏ, டி, எஸ் எழுத்துகளும் அதில் கிடையாது. பல தசைநாண்கள் அறுந்திருந்தால் உங்களிடம் எஸ்56.7 இருக்கிறது, அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை, ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

தானாக அறுந்ததில் இன்னும் நுணுக்கமாக ஏமாற்றும். எம்66.2 எக்ஸ்டென்சர், எம்66.3 ஃப்ளெக்ஸர் என்பது இரண்டிலும் ஒன்று. பிற தசைநாண்கள் உங்களுக்கு எம்66.4, அவர்களுக்கு எம்66.8. இன்னதென்று தெரியாதது உங்களுக்கு எம்66.5, அவர்களுக்கு எம்66.9. முன்கைக்கு 3 என்ற இட எண்ணைச் சேர்த்து நீங்கள் எழுதும் எம்66.23 முழுக் கோடு. அவர்களுக்கு அது அரைகுறை. பக்கத்தைச் சொல்லும் ஆறாவது எண் வேண்டும்.

கோடு சொல்லாததை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதால் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரிக்குத்தான் பொறுப்பு அதிகம். கை, விரல், தசைநாணின் பெயர், அறுந்த மட்டம், எப்படி அறுந்தது, எந்தத் தேதி ஆகியவை சொற்களாகவே இருக்கட்டும். காப்பீட்டுப் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில் ஐசிடி-10-க்கு இடம் இருக்கிறது. அங்கே எழுதும் கோடும் சம்மரியின் சொற்களும் ஒத்துப்போக வேண்டும். கண்ணாடி, கத்தி வெட்டு என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் கேஷுவாலிட்டி டாக்டர் எழுதிய நேரத்தையும் விதத்தையும் சம்மரியோடு வைத்துப் பாருங்கள். அங்கே 'ஜன்னல் கண்ணாடி உடைந்து', இங்கே 'கீழே விழுந்து' என்று இருந்தால், கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் கோரிக்கை விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அந்த விளக்கத்தை எழுத வேண்டியவர் சிகிச்சை தந்த டாக்டர். எம்ஆர்டியில் நீங்களாகத் திருத்தக் கூடாது.